கிள்ளான் முதல் லங்காவி வரை மோட்டார் போட்: பாய்மரப் படகுகளுக்கு நடுவே நங்கூரம் போடுவது எப்படி?

கோலக்கிள்ளான்_42 (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தைப்பூச விடுமுறையை ஒட்டிக் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போவதாகத் திட்டம். மரினாவை நம்பாமல் முடிந்தவரை நங்கூரத்திலேயே தங்க வேண்டும்.

படகு 42 அடி ஃப்ளைபிரிட்ஜ், அதாவது மேல்தளத்திலிருந்தும் ஓட்டலாம். எடை 12 டன், நீருக்குள் இருப்பது 1.1 மீட்டர். 370 குதிரைசக்தி டீசல் இன்ஜின் இரண்டு, ஷாஃப்ட் டிரைவ். டாங்கி 1,200 லிட்டர். நங்கூரம் 20 கிலோ, 10 மில்லிமீட்டர் சங்கிலி 30 மீட்டர், அதன் பின்னால் நைலான் கயிறு 50 மீட்டர். ஜெனரேட்டர் 9 கே.வி.ஏ., இரவு முழுக்க ஏசி ஓடும்.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான். மாலையில் பக்கத்துப் பாய்மரப் படகுக்கு 50 மீட்டர் விட்டுப் போட்டாலும், நடுராத்திரியில் இரண்டு படகும் முட்டுகிற மாதிரி வந்து நிற்கின்றன. இரண்டு நங்கூரமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, எதுவும் இழுபடவில்லை. பிறகு ஏன் இப்படி? எவ்வளவு தூரம் விடுவது சரி? டீசல் வழியில் நிரப்பாமல் போதுமா? எந்த இடத்தில் தங்கலாம்?

பாய்மரக்கிழவன்

தம்பி, நங்கூரத்தில் குற்றமில்லை. கீலில்தான் இருக்கிறது விஷயம்.

பாய்மரப் படகுக்கு அடியில் 2 மீட்டர் ஆழத்துக்குக் கீல் என்னும் அடிப்பலகை இறங்கியிருக்கும். தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அது நீரோட்டம் வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும். உங்கள் ஃப்ளைபிரிட்ஜ் போட்டுக்குத் தண்ணீருக்குள் பிடிமானம் குறைவு, மேலே மாடி வீடு மாதிரி உயரம். அது காற்று வரும் திசைக்குத் திரும்பும். காற்றும் நீரோட்டமும் ஒரே பக்கமிருந்து வந்தால் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள், 50 மீட்டர் தாராளம். நீரோட்டம் திரும்பிக் காற்றுக்கு எதிராக ஓட ஆரம்பித்தால் நீங்கள் ஒரு பக்கம் தொங்குவீர்கள், அவர் எதிர்ப்பக்கம் வருவார். மாலையில் போட்டவர்களுக்கு நள்ளிரவு வாக்கில் வேடிக்கை தொடங்குவது இதனால்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் திரும்புகிறது.

கணக்காகப் பாருங்கள். 9 மீட்டர் உயரத்துக்கு (தண்ணீர் ஆழம், அதோடு அணியம் என்னும் படகின் முன்முனையின் உயரமும்) 45 மீட்டர் சங்கிலி விட்டால், சங்கிலி முழுக்க இழுபடும்போது நங்கூரத்திலிருந்து படகின் மூக்கு 44 மீட்டரில் இருக்கும். படகு நீளம் 13 மீட்டர். மொத்தம் 57 மீட்டர் ஆரம். பக்கத்தில் 12 மீட்டர் பாய்மரப் படகு 40 மீட்டர் சங்கிலியில் நின்றால் அதற்கு ஏறத்தாழ 51 மீட்டர். வட்டங்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது என்றால் நங்கூரத்துக்கு நங்கூரம் 108 மீட்டர் வேண்டும். ஒரே மாதிரி திரும்பும் படகுகளுக்கு அதில் பாதி போதும். கலப்படமாக நிற்கும் இடத்தில் பாதி போதாது.

படகிலிருந்து படகுக்கு அளந்தால் ஏமாறுவீர்கள். அவருடைய நங்கூரம் கிடக்கும் இடம் வேறு, அவர் நிற்கும் இடம் வேறு. அருகே மெதுவாகப் போய், "எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறீர்கள்? நங்கூரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. முதலில் வந்தவர் போட்டதை வைத்துத்தான் பின்னால் வந்தவர் இடம் தேட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம், இரவு பன்னிரண்டுக்கு முட்டினால் நகர வேண்டியவரும் பின்னால் வந்தவரே.

பக்கத்தில் யாரை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்க முடியுமானால் கட்டமரானைத் தேடுங்கள். இரட்டை உடல், ஆழம் குறைவு, உயரம் அதிகம். பாய்மரம் இருந்தாலும் காற்றுக்குத்தான் அதிகம் திரும்பும், உங்கள் ஜாதி.

டீசல்_ராஜா

டீசல் கணக்கு நான் சொல்றேன் அண்ணே.

டீசல் இன்ஜின் ஒரு குதிரைசக்திக்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர் குடிக்கும். 20 நாட்ல (மணிக்கு 20 கடல் மைல்) ஓட்டினா உங்க ரெண்டு இன்ஜினும் சேர்ந்து 500 குதிரைசக்தி கொடுக்கும்னு வையுங்க, மணிக்கு 100 லிட்டர். அதாவது கடல் மைலுக்கு 5 லிட்டர். கிள்ளான்–பங்கோர் ஏறத்தாழ 90, பங்கோர்–பினாங்கு 65லிருந்து 70, அங்கேருந்து லங்காவியோட குவா 65, ஆக மொத்தம் சுமார் 225 கடல் மைல். 1,125 லிட்டர் ஆகுது. 1,200 லிட்டர் டாங்கில கடைசி பத்து சதவீதம் குழாய்க்கு எட்டாது. போதாது.

7 நாட்டுக்கு இறக்கினா மணிக்கு 12 லிட்டர்தான், மைலுக்கு 1.7. முழு தூரமும் 400 லிட்டர்ல முடிஞ்சிடும். நேரம் மட்டும் மூணு மடங்கு. நடுவழி ஒண்ணு இருக்கு: காலையில காத்து இல்லாத நேரத்துல 20 நாட், மத்தியானம் வடமேற்குலேருந்து கடல்காத்து ஏறினதும் 7 நாட். எப்படி ஓட்டினாலும் பங்கோர்லயோ பினாங்குலயோ ஒரு தடவை நிரப்புங்க. மூணுல ஒரு பங்கு எப்பவும் டாங்கில மிச்சம் இருக்கணும்.

இடையில இருக்கிற 10–14 நாட்தான் மோசம். போட்டு மூக்கைத் தூக்கிட்டு, பின்பக்கம் உக்காந்து, தண்ணியை உழுதுட்டுப் போகும். டீசலும் வீண், அலையும் அதுலதான் பெருசு. நிறைய பேர் பாய்மரப் படகைத் தாண்டும்போது மரியாதைக்கு 20லிருந்து 12க்கு இறக்குவாங்க. அதுக்கு 20லயே தள்ளிப் போயிருக்கலாம், அலை சின்னதா இருந்திருக்கும். இறக்கினா 7க்கு இறக்குங்க, அதுவும் 300 மீட்டருக்கு முன்னாடியே. கிட்ட போய் சட்டுனு லிவரை இழுத்தா, உங்க அலையே பின்னாலேருந்து வந்து ரெண்டு பேரையும் தாலாட்டும். இடமிருந்தா அரை மைல் தள்ளிப் போங்க, வேகமே குறைக்க வேண்டாம்.

வழி விடுற விதி தெரிஞ்சதுதான்: பாய் விரிச்சு ஓடுறவருக்கு மோட்டார் ஒதுங்கணும். ஆனா பாயும் விரிச்சு இன்ஜினும் ஓடினா அவரும் மோட்டார் போட்டுதான், முன்னால கறுப்புக் கூம்பைத் தலைகீழா மாட்டணும்னு விதி. மாட்டுறவங்க கொஞ்சம் பேர்தான். பின்புறத்துல தண்ணி துப்புதான்னு பாருங்க, தெரிஞ்சிடும். தெரியலைன்னா ஒதுங்கிடுங்க.

எண்ணெய்ல இன்னொரு விஷயம். நம்ம ஊர் டீசல்ல பாமாயில் கலப்பு இருக்கு, லங்காவியில அது 20 சதவீதம். இந்தக் கலப்பு ஈரத்தை இழுக்கும், பழைய டாங்கியோட அழுக்கைக் கரைச்சு எடுக்கும். துறைமுகத்துக்குள்ள ஒண்ணும் தெரியாது. அலையில டாங்கி குலுங்கினதும் அடியில கிடந்ததெல்லாம் கிளம்பி ஃபில்டர்ல வந்து உக்காரும், ரெண்டு இன்ஜினும் ஒரே டாங்கியா இருந்தா ரெண்டும் ஒரே நேரத்துல நின்னுடும். ஃபில்டர் எலிமெண்ட் ஆறு எடுத்துக்குங்க. ராக்கோர் டீசல் ஃபில்டரோட கண்ணாடிக் கிண்ணத்தைத் தினமும் காலையில பாருங்க, அடியில தண்ணி தனியா நின்னா குழாயைத் திறந்து விட்டுடுங்க.

நங்கூரத்துக்கு வந்தா, ரொம்ப சுலபம். பின்பக்கத்துல இன்னொரு சின்ன நங்கூரம் போட்டுட்டா போட்டு திரும்பவே திரும்பாது. பிரச்சினை முடிஞ்சுது.

பினாங்கு_மீனா

ராஜா அண்ணே, கணக்கு எல்லாம் சரி. அந்தக் கடைசி இரண்டு வரிதான் ஆபத்து.

சுற்றியுள்ள எல்லாப் படகும் திரும்பும்போது ஒரு படகு மட்டும் இரண்டு பக்கமும் கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றால், மற்றவர்கள் அதன்மேல்தான் வந்து விழுவார்கள். அதைவிட மோசம், காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது படகின் முழு நீளமும் காற்றை வாங்கும், இரண்டு நங்கூரத்துக்கும் சுமை பல மடங்கு. மழைக்காற்று வந்தால் இருட்டில் இரண்டையும் அவிழ்த்துக்கொண்டு ஓட முடியாது. ஆற்றில், எல்லாரும் அப்படியே போட்டிருந்தால் மட்டும் சரி.

கேட்டவருக்கு என் பதில் வேறு. 1.1 மீட்டர் ஆழப் படகு வைத்திருக்கிறீர்கள், அதுதான் உங்கள் சொத்து. பாய்மரப் படகுகள் 2 மீட்டர் கீலோடு கரைக்கு வர முடியாது. அவர்கள் நடுவில் நிற்பார்கள். நீங்கள் அவர்களுக்கு நடுவில் போய் இடம் தேடாமல், அவர்களுக்கும் கரைக்கும் இடையே உள்ள காலி இடத்துக்குப் போங்கள். ஆழம் குறைந்தால் சங்கிலியும் குறையும், வட்டமும் சுருங்கும்.

லங்காவியில் நீர் ஏற்ற இறக்கம் பெரிய நாட்களில் சுமார் 3 மீட்டர். நீர் நிறைந்த நேரத்தில் போய்ச் சேருகிறீர்கள், சவுண்டர் (ஆழம் காட்டும் கருவி) 5 மீட்டர் காட்டுகிறது என்றால், வற்றும்போது 2 மீட்டர் மிஞ்சும். உங்களுக்கு அடியில் 90 சென்டிமீட்டர். கீல் படகு அங்கே உட்கார்ந்துவிடும். சங்கிலி: 5 மீட்டரோடு அணிய உயரம் 1.5 மீட்டரைச் சேர்த்து 6.5, அதை ஐந்தால் பெருக்கினால் 33 மீட்டர். வெளியே 9 மீட்டர் கணக்கில் நின்றவருக்கு 45.

இதில் தவறுவது மூன்று இடங்களில். ஒன்று, வற்றிய நேரத்தில் வந்து அப்போதைய ஆழத்துக்குச் சங்கிலி விடுவது. 2 மீட்டருக்குக் கணக்குப் போட்டு 18 மீட்டர் விட்டால், நீர் ஏறியதும் அது மூன்று மடங்குகூட இல்லை. எப்போதும் ஏறிய நீருக்குத்தான் கணக்கு. இரண்டு, சவுண்டர் எதிலிருந்து அளக்கிறது என்று தெரியாமல் இருப்பது, அதாவது நீர்மட்டத்திலிருந்தா, சென்சாரிலிருந்தா, கீலிலிருந்தா என்று. கிளம்புமுன் ஒரு கயிற்றில் ஈயக்கட்டி கட்டி இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று, நங்கூரம் விழும் இடத்தின் ஆழத்தை மட்டும் பார்ப்பது. படகின் பின்பக்கம் கரைப்பக்கம் 45 மீட்டர் ஆடி வரும். ப்ரொப்பெல்லரும் ரடரும் இருப்பது அங்கேதான். போடுமுன் அந்த வட்டத்தை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி ஆழம் பாருங்கள்.

தைப்பூசம் என்றீர்களே, அது பௌர்ணமியை ஒட்டி வருவது. சீனப் புத்தாண்டு அமாவாசையில். எல்லாருக்கும் லீவு கிடைக்கிற இரண்டு சமயமும் நீர் ஏற்ற இறக்கம் உச்சத்தில் இருக்கும் சமயம். பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில்தான் அது மிக அதிகம். கிள்ளான் பக்கம் 4 மீட்டரையும் தாண்டும், நீரோட்டமும் அதற்கேற்ப. அட்டவணையைத் துறைமுகம் துறைமுகமாகப் பாருங்கள், கிள்ளான் எண்ணை வைத்துப் பினாங்குக்குக் கணக்குப் போடாதீர்கள். பினாங்கில் அதில் பாதிதான் இருக்கும்.

பாய்மரக்கிழவன்

மீனா சொன்னதற்கு மேல் சங்கிலியைப் பற்றி.

30 மீட்டர் சங்கிலியும் மீதி கயிறும் என்பது இந்தக் கரைக்குப் பொருந்தாது. கயிற்றில் நிற்கும் படகு காற்றில் பட்டம் மாதிரி இங்கும் அங்கும் ஓடும், மோட்டார் போட் இன்னும் அதிகம். பக்கத்துப் பாய்மரக்காரர் முறைப்பதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கும். அவர் முழுச் சங்கிலியில் அசையாமல் நிற்கிறார், நீங்கள் அவரைச் சுற்றிக் கோலம் போடுகிறீர்கள். 10 மில்லிமீட்டர் சங்கிலியை 60 மீட்டராக ஆக்குங்கள். மீட்டருக்கு 2.2 கிலோ, மொத்தம் 130 கிலோவுக்கு மேல் முன்பக்கம் ஏறும், சங்கிலிப் பெட்டி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நங்கூரம் 25 கிலோ, ரோக்னா வகை. பங்கோரிலும் பினாங்கிலும் அடிமண் பெரும்பாலும் கூழ் மாதிரிச் சேறு. மாற்று நங்கூரமாக ஃபோர்ட்ரெஸ் ஒன்று இருந்தால் நல்லது. அதன் இறக்கைக் கோணத்தை 32 டிகிரியிலிருந்து 45க்கு மாற்றலாம், சேற்றுக்கென்றே செய்தது அந்த 45.

சேற்றில் போடும் விதம் மணலில் போடுவது மாதிரி இல்லை. மற்ற படகுகள் எந்தப் பக்கம் மூக்கை நீட்டியிருக்கின்றனவோ அந்தப் பக்கம் நோக்கிப் போய் நில்லுங்கள். படகு முழுக்க நின்ற பிறகு நங்கூரத்தைத் தரைக்கு இறக்குங்கள். படகு தானாகப் பின்னால் நகரட்டும், அதன் வேகத்துக்குச் சங்கிலி விடுங்கள். குவியலாகக் கொட்டினால் நங்கூரத்தின் மேலேயே சிக்கிக்கொள்ளும். ஆழத்தின் மூன்று மடங்கில் ஒருமுறை நிறுத்தி, அது பிடிக்க ஆரம்பிக்கிறதா என்று சங்கிலியைக் கையால் தொட்டுப் பாருங்கள். தரையில் தடதடவென்று அதிர்ந்தால் இழுபடுகிறது, இறுகி அமைதியானால் பிடிக்கிறது. ஐந்து மடங்குக்கு விட்டபின் பதினைந்து நிமிஷம் சும்மா இருங்கள். நங்கூரம் தன் எடையில் சேற்றுக்குள் இறங்கட்டும். அதன் பிறகுதான் ரிவர்ஸ், முதலில் ஒரு இன்ஜின் ஐட்லில் அரை நிமிஷம், பிறகு இரண்டும் ஐட்லில், கடைசியில் மெதுவாக 1,200 சுற்று. கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்க்கோட்டில் வைத்துப் பாருங்கள், கோடு கலையக் கூடாது. வந்தவுடன் 740 குதிரைசக்தியை ரிவர்ஸில் கொடுத்தால் களிக்குள் கரண்டியை இழுத்த கதைதான். எவ்வளவு நல்ல நங்கூரமும் வழித்துக்கொண்டு வரும்.

பிடித்த பிறகு, சங்கிலியை இழுக்கும் வின்ச்சில் சுமையை விடாதீர்கள், அதன் பற்சக்கரம் அதற்காகச் செய்ததல்ல. 16 மில்லிமீட்டர் நைலான் கயிறு 10 மீட்டரில் இரண்டு எடுத்து, ஒரு முனையைச் சங்கிலிக் கொக்கியில் சேர்த்து மாட்டி, மறுமுனைகளை முன்பக்க இரண்டு கிளீட்டிலும் கட்டுங்கள். படகு ஆடி ஓடுவது பாதியாகக் குறையும், சங்கிலி ரோலரில் நறநறவென்று அரைக்கும் சத்தமும் நிற்கும்.

கோலக்கிள்ளான்_42

ஐயா, அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. தூங்குவதற்கு முன் இன்னும் மூன்று கேள்வி. ஜெனரேட்டர் சத்தத்துக்கு என்ன செய்வது? ஏசி இல்லாமல் வீட்டில் ஒருவரும் வர மாட்டார்கள். வலையில் மாட்டாமல் எப்படிப் போவது? இடங்களைப் பற்றி மீனா அக்கா ஏதாவது சொல்ல முடியுமா?

டீசல்_ராஜா

பின் நங்கூரத்தைப் பத்தி மீனா சொன்னது சரி, வாபஸ் வாங்கிக்கிறேன். ஆத்துல போட்ட பழக்கத்துல சொல்லிட்டேன்.

ஜெனரேட்டருக்கு முதல் வழி இடம்தான். பாய்மரப் படகுகளுக்குக் காத்துக்குக் கீழ்ப்பக்கமா நில்லுங்க. சத்தமும் புகையும் அவங்ககிட்ட போகாது. அவங்க சன்னலைத் திறந்து வெச்சுத் தூங்குறவங்க, காத்துல வர்ற புகை நேரா கட்டிலுக்குப் போகும். ஆனா கரைக்குக் கிட்ட நிக்கிறதா இருந்தா காத்து கரையிலிருந்து அடிக்கும்போது நீங்கதான் மேல்காத்துல இருப்பீங்க. அப்ப இரவுல ஓட்டாம இருக்கறதைத் தவிர வழியில்லை.

அதுக்குக் கணக்கு இது. 12,000 பி.டி.யூ. ஏசி ஓடும்போது 1 கிலோவாட் எடுக்கும். ராத்திரி எட்டு மணி நேரத்துல கம்ப்ரசர் அறுபது சதவீதம்தான் ஓடும், ஆக 5 யூனிட்டுக்குக் கிட்ட. 24 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 5.1 யூனிட். அதை முழுக்க வழிச்சு எடுக்கக் கூடாது, இன்வெர்ட்டர்லயும் பத்து சதவீதம் போகும். அதனால 300 ஆம்பியர்-மணி போட்டா ஒரு படுக்கையறை விடியவரைக்கும் நிம்மதி. இன்வெர்ட்டர் 3 கிலோவாட், ஏசிக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் கட்டாயம். அது இல்லாட்டி கம்ப்ரசர் கிளம்புற நொடியில இழுக்கிற கரண்டுக்கு இன்வெர்ட்டர் ட்ரிப் ஆயிடும். சாயங்காலம் சமைக்கிற நேரத்துல ரெண்டு மணி நேரம் ஜெனரேட்டர், காலையில எட்டுக்கு மேல ரெண்டு மணி நேரம். 9 கே.வி.ஏ.வுக்கு நல்ல சார்ஜர் மாட்டினா அது போதும்.

ஜெனரேட்டர் நின்னு போறதுக்கு நம்ம கடல்ல முதல் காரணம் பிளாஸ்டிக் பை. நின்ன இடத்துலேயே உறிஞ்சிட்டு உக்காரும். ரெண்டாவது ஜெல்லி மீன். கடல்தண்ணி வடிகட்டியைத் தினமும் திறந்து பாருங்க, மாத்த இம்பெல்லர் ரெண்டு வெச்சுக்குங்க. மெயின் இன்ஜின்ல எக்ஸாஸ்ட் வளைவுல ஒரு வெப்ப அலாரம் மாட்டிட்டா, இன்ஜின் சூடாகிறதுக்குள்ள தண்ணி நின்னது தெரிஞ்சிடும்.

வலை. மிதவை வலையோட ஒரு முனையில மூங்கில் கம்பும் கொடியும், இரவுல மினுக்கற விளக்கும் இருக்கும். இன்னொரு முனை படகுல. நடுவுல ஒண்ணுமே தெரியாது, அதுதான் பொறி. படகுக்கும் கொடிக்கும் நடுவுல போகாதீங்க. கிட்ட மெதுவா போய் "பாங், பூக்காட் சம்பாய் மானா?" (அண்ணே, வலை எதுவரைக்கும்?)னு மலாய்ல கேளுங்க, கையை நீட்டி எதுவரைக்கும்னு காட்டிடுவாங்க. ரெண்டு இழுவைப் படகு பக்கத்துப் பக்கத்துல ஒரே வேகத்துல மெதுவா போனா நடுவுல பின்னால வலை இருக்கு, ரெண்டையும் சேர்த்துச் சுத்திப் போங்க. இரவுல ஓட்டாதீங்க. கீல் படகுக்காரர் பல வலையை வழுக்கிட்டுப் போயிடுவார், உங்களுக்கு ரெண்டு ஷாஃப்ட்டும் வெளிய தொங்குது.

மாட்டிட்டா உடனே ரெண்டும் நியூட்ரல், இன்ஜின் ஆஃப். ரிவர்ஸ் போட்டு அவிழ்க்கலாம்னு பார்க்காதீங்க, இன்னும் இறுகும். நைலான் உரசற சூட்டுல உருகி ஷாஃப்ட்டைச் சுத்தி பிளாஸ்டிக் வளையமா உறைஞ்சிடும். அதைக் கத்தி வெட்டாது, ஹேக்ஸா பிளேடு வேணும். உறையாத கயிறுக்கு ரொட்டி அறுக்கிற பல்லுக் கத்தி போதும். ஆழம் குறைவா இருந்தா முதல்ல நங்கூரம் போட்டுடுங்க. சாவியை எடுத்து இறங்கறவர் பாக்கெட்லயே வெச்சுட்டு, இடுப்புல கயிறு கட்டி, நீரோட்டம் நிக்கிற நேரமாப் பார்த்து இறங்கணும். வெட்டி முடிச்சதும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி உள்ள வந்து ஷாஃப்ட் சீல் கசியுதான்னு பாருங்க. வலை ஷாஃப்ட்டை இழுத்து சீலை நகர்த்தியிருக்கும்.

பினாங்கு_மீனா

இடங்கள். வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது டிசம்பரிலிருந்து மார்ச் வரை, மேற்குக் கரைக்கு நல்ல காலம். காலையில் கரையிலிருந்து காற்று, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து. அதனால் விடியலில் கிளம்பி ஒரு மணிக்குள் நங்கூரம் போட்டுவிட்டால் அமைதியான கடல், இடமும் காலியாக இருக்கும். 20 நாட் போட்டின் லாபம் அதுதான்.

பங்கோரில் இந்தப் பருவத்துக்கு மேற்குப் பக்கம், தெலுக் நிப்பா விரிகுடா நன்றாக மூடியிருக்கும். மாலையில் கடல்காற்று கொஞ்சம் ஆட்டும், இரவு எட்டுக்கு மேல் அடங்கிவிடும். கிழக்கு வாய்க்கால் மீன்பிடிப் படகுகளின் பாதை, விடியவிடிய அலை.

பினாங்கில் ஜெரஜாக் தீவுக்கும் பினாங்குக்கும் இடையே. பாய்மரக்காரர்கள் நிற்கும் வழக்கமான இடம். இரண்டு பாலங்களும் உங்கள் உயரத்துக்கு ஒரு பொருட்டில்லை. நீரோட்டம் இழுக்கும் இடம், அதனால் பெரும்பாலும் மோட்டாரும் கீலும் ஒரே பக்கம் திரும்பும். தண்ணீர் நின்று திரும்புகிற அந்த அரை மணி நேரத்தில் மட்டும் ஆளுக்கொரு திசை. அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த நம் ஆட்களை இறக்கி நோய்த் தடுப்புக்கு வைத்திருந்த தீவு இது. பிறகு 1993 வரை சிறை.

புலாவ் பாயார் வழியில் இருக்கிறது. கடல் பூங்கா, பவளத்தின்மேல் நங்கூரம் போடவே கூடாது, மிதவையில்தான் கட்ட வேண்டும். தீவைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் தூண்டில்கூடப் போடக் கூடாது.

லங்காவியில் தாயாங் புந்திங் தீவை ஒட்டிய, பாய்மரக்காரர்கள் 'ஃபியோர்டு' என்று சொல்லும் இடுக்கு அழகு. ஆனால் சுண்ணாம்புப் பாறைச் சுவரில் மோதிக் காற்று எந்தப் பக்கமிருந்தும் விழும், படகுகள் பைத்தியம் மாதிரி திரும்பும். அங்கே மட்டும் ஐயா சொன்ன முழு 108 மீட்டரும் விடுங்கள். பகலில் சுற்றுலாப் படகுகள் சீறிக்கொண்டு போகும், மாலை ஐந்துக்கு மேல் அமைதி. குரங்குகள் உண்டு, டிங்கியில் (கரைக்குப் போகும் சின்னப் படகு) சாப்பாட்டுப் பையை விட்டுவிட்டுத் தீவுக்குள் இருக்கும் குளத்தைப் பார்க்கப் போகாதீர்கள். கிழக்கே கிலிம் பக்கம், பாறை இடுக்கு வழியாக உள்ளே போகும் 'ஹோல் இன் த வால்' எந்தக் காற்றுக்கும் பாதுகாப்பு. சேறு, சதுப்பு மரம், மாலையில் கொசு. ஆழம் குறைந்த உங்கள் போட்டுக்கு உள்ளே ஓரத்தில் இடம் கிடைக்கும்.

நவம்பரில் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் போட்டி இதே கிள்ளான், பங்கோர், பினாங்கு, லங்காவி வழியில்தான் போகும். அந்த வாரம் ஒவ்வொரு இடத்திலும் ஐம்பது கம்பம் நிற்கும்.

ஏப்ரலுக்கு மேல் இங்கே 'சுமத்ரா' என்னும் திடீர்ச் சூறைக்காற்று வரும். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து விடியற்காலைக்குள், மேற்கிலிருந்து கறுப்பு வளைவாக மேகம், நிமிஷத்தில் 40 நாட் காற்று. அதுவரை பாதுகாப்பாக இருந்த மேற்குப் பார்த்த விரிகுடா அப்போது பொறி. தெலுக் நிப்பா அந்தப் பருவத்துக்கு ஆகாது.

பாய்மரக்கிழவன்

விளக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நங்கூரத்தில் நிற்கும்போது சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று, பகலில் கறுப்புப் பந்து ஒன்று. போதும். தண்ணீருக்கடியில் நீல விளக்கு, மேல்தளத்தில் வெள்ளப் பாய்ச்சல் விளக்கு எல்லாம் ஒன்பது மணிக்கு அணைத்துவிடுங்கள். டிங்கியில் திரும்பி வருகிறவர் கண் கூசினால் பக்கத்தில் இருட்டில் நிற்கும் படகு தெரியாது. பாய்மரப் படகுகளின் நங்கூர விளக்கு கம்பத்து உச்சியில், 15 மீட்டர் உயரத்தில் இருக்கும். நட்சத்திரமென்று நினைத்து நேரே போய் உடலில் இடிப்பார்கள். இருட்டில் உள்ளே வர நேர்ந்தால் தலையைத் தூக்கி மேலேயும் பாருங்கள்.

டிங்கியில் 15 குதிரைசக்தி இருந்தாலும் நிற்கும் படகுகளுக்கு நடுவே எழும்பி ஓடக் கூடாது. காலையில் அடுப்பில் காப்பித்தண்ணி வைத்திருப்பார்கள்.

கோலக்கிள்ளான்_42

சங்கிலி 60 மீட்டர் சொல்லியாகிவிட்டது. எவ்வளவு விட்டோம் என்று இருட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? பெயிண்ட் இரண்டு பயணத்தில் போய்விடுகிறது என்கிறார்கள்.

டீசல்_ராஜா

பெயிண்ட் வேண்டாம். 10 மீட்டருக்கு ஒரு தரம் கலர் கேபிள் டை, வாலை 5 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்க: பத்துக்கு ஒண்ணு, இருபதுக்கு ரெண்டு, முப்பதுக்கு மூணு. இருட்டுல கையில தட்டுறதை எண்ணலாம். வின்ச்சோட ஜிப்ஸிக்குள்ள (சங்கிலியைப் பிடிக்கிற சக்கரம்) அது மாட்டாது, மாட்டினாலும் அறுந்துதான் போகும். பழசு போனா அடுத்த நாளே புதுசு மாட்டிடுங்க. கடைசி முனையை மட்டும் சங்கிலிப் பெட்டிக்குள்ள ஷாக்கிள் போட்டு இறுக்காதீங்க. ரெண்டு மீட்டர் கயிறுல கட்டுங்க, டெக்குக்கு மேல வந்து எட்டற நீளம். சுமத்ராவுல எல்லாத்தையும் விட்டுட்டு ஓடணும்னா ஒரு கத்தி வெட்டுல முடிஞ்சிடும்.